கம்பி போகும் வழி: 'கருத்துக் கேட்பு' குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

தமிழில் 'கேள்' என்கிற வினைச்சொல்லுக்கு மூன்று வேலைகள் உண்டு. வினவுவதும் கேட்பதுதான், செவிகொடுப்பதும் கேட்பதுதான். மூன்றாவது ஒன்று அகராதியில் பின்னால் வரும், ஆனால் வீட்டிலும் வயலிலும் முன்னால் வந்து நிற்கும்: 'சொன்னாக் கேக்கணும்'. அதாவது கீழ்ப்படிவது. குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே அது செவிச்செல்வம். தாலுகா ஆபீஸில் அதே சொல் வேறு செல்வம்.

'கருத்துக் கேட்புக் கூட்டம்' என்று அரசாங்கம் எழுதும்போது இந்த மூன்றில் எந்தக் கேட்பு நிகழ்கிறது? யார் கேட்கிறார், யார் கேட்க வைக்கப்படுகிறார்? இது வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் ஓர் ஊரின் குறுக்கே மின்பாதை ஒன்று வரப்போகிறது என்றால் இந்தச் சொல்லின் மூன்று பொருள்களுக்கும் இடையில்தான் அந்த ஊரின் தலையெழுத்து ஊசலாடுகிறது.

மின்பாதை ஒன்று திட்டமிடப்படும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. ஒன்று, இந்தப் பாதை தேவையா? இரண்டு, தேவையென்றால் எந்த வழியாகப் போக வேண்டும்? மூன்று, போகிற வழியில் இழப்பவருக்கு என்ன கிடைக்கும்? எத்தனை கூட்டம் போட்டார்கள், எத்தனை மனு வாங்கினார்கள், எத்தனை மணிநேரம் பேச விட்டார்கள் என்பதை வைத்து ஒரு கேட்பை ஜனநாயகம் என்றோ சடங்கு என்றோ முடிவுகட்ட முடியாது. இந்த மூன்றில் எந்தக் கேள்வி இன்னும் திறந்திருக்கும்போது மக்கள் உள்ளே அழைக்கப்பட்டார்கள் என்பதே அளவுகோல். மூன்று இடங்களின் வரலாற்றை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

2

முதலில் நம் வீட்டு விஷயம். நம் நாட்டில் உயர் அழுத்த மின்பாதை எந்த நிலத்தில் இறங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மின்சாரச் சட்டத்தில் பிறந்ததல்ல. அது 1885 ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்திலிருந்து இரவல் வாங்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு தந்தி அதிகாரிக்கு எந்த அசையாச் சொத்தின் மேலும் கீழும் குறுக்கும் கம்பி இழுக்க அதிகாரம் தருகிறது. நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். கம்பியும் கம்பமும் மட்டும் அவர்களுடையவை. முடிந்தவரை குறைந்த சேதம் செய்ய வேண்டும், செய்த சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும். இதுதான் ஏற்பாடு. உள்ளாட்சிக்குச் சொந்தமான இடமென்றால் அந்த உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். தனிமனிதரின் நிலத்துக்கு அதுவும் வேண்டியதில்லை.

அவர் மறித்தால்? அதற்குத்தான் 16 ஆம் பிரிவு. மாவட்ட நிர்வாக நடுவர் என்கிற தொப்பியைப் போட்டுக்கொண்டு கலெக்டர் 'வேலையைத் தடுக்காதே' என்று உத்தரவிடலாம். அதற்குப் பிறகும் மறித்தால் அது குற்றம். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். அதாவது, மேலே சொன்ன மூன்று கேள்விகளில் மூன்றாவதற்கு மட்டுமே இந்தச் சட்டத்தில் கதவு இருக்கிறது. முதலிரண்டுக்கும் அங்கே சுவர்.

காலனிய அரசுக்குத் தந்தி என்பது வெறும் தகவல் சாதனமன்று. படைகளை நகர்த்தும் நரம்பு. அந்த நரம்பு எந்த வழியாகப் போகலாம் என்று குடியானவனைக் கேட்பது ஆள்பவனுக்குத் தோன்றியிருக்கவே நியாயமில்லை. அதோடு, அன்றைய தந்திக் கம்பம் என்பது என்ன? வரப்போரம் நட்ட ஒரு கம்பமும் ஒரு மெல்லிய கம்பியும். மாடு மேய்ப்பதற்கோ உழுவதற்கோ பெரிய இடைஞ்சல் கிடையாது. அந்தக் கம்பத்துக்காக எழுதப்பட்ட அதிகாரம், இன்று 800 கிலோவோல்ட் கோபுரத்தை நிறுத்துகிறது. அதற்கு 69 மீட்டர் அகலத்தில் ஒரு தாழ்வாரம் வேண்டும். அந்த அகலத்துக்குள் தென்னை நிற்க முடியாது, வீடு கட்ட முடியாது.

இரவல் எப்படி நடந்தது? 1910 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அந்த அதிகாரத்தை மின் உரிமதாரருக்கு வழங்கலாம் என்றது. 1948 ஆம் ஆண்டின் மின் வழங்கல் சட்டம் மின்வாரியங்களுக்கு அதைக் கைமாற்றியது. திட்டத்தைக் கெஸட்டிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் போட்டு இரண்டு மாதம் ஆட்சேபணைக்கு விட வேண்டும் என்றொரு பிரிவு அதில் இருந்ததென்னவோ உண்மைதான். ஆனால் கெஸட்டைப் பார்த்துவிட்டு எந்த விவசாயி ஏர் பூட்டப் போகிறார்? பின்னர் 2003 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 164 ஆம் பிரிவில் அதே அதிகாரத்தைப் புதுப்பித்துக்கொண்டது. இந்த அதிகாரம் கையில் இருக்கும்போது நில உடைமையாளரின் முன்சம்மதம் தேவையில்லை என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இதில் உச்சக்கட்டம் 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். காலனியச் சட்டங்களைக் களைகிறோம் என்ற முழக்கத்தின் நடுவே வந்த அந்தச் சட்டம் 1885 ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்கிறது. ஆனால் ஒரு விலக்கு: பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதி, அதாவது மேலே சொன்ன 10 முதலான பிரிவுகள், 164 ஆம் பிரிவின்கீழ் மின்பாதை அமைக்கும் காரியத்துக்கு மட்டும் தொடர்ந்து செல்லும். தந்தி செத்துவிட்டது, 2013 ஜூலையிலேயே கடைசித் தந்தியும் போய்விட்டது. தந்திக்காரனின் அதிகாரம் மட்டும் சாகவில்லை. ஆவியாக அலையவில்லை, அரசிதழோடு உலவுகிறது.

2013 ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு, சம்மதம் போன்றவற்றைக் கொண்டுவந்தபோது, அவற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்ட 13 சட்டங்களில் மின்சாரச் சட்டமும் ஒன்று. 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலிலும் மின்பாதைக்கு இடமில்லை. ஆகவே அனல்மின் நிலையத்துக்கு நடக்கும் பொது விசாரணை, அந்த நிலையத்திலிருந்து புறப்படும் கம்பிக்கு நடப்பதில்லை.

3

கேட்பே இல்லாத சட்டம் இப்படி. கேட்பைச் சட்டமாகவே எழுதி வைத்த இடத்தில் என்ன நடந்தது? அமெரிக்காவின் வடக்கே உள்ள மினசோட்டா மாநிலத்தின் கதை இதற்குப் பாடநூல் போன்றது.

1970களில் அங்கே இரண்டு கிராமப்புற மின் கூட்டுறவு அமைப்புகள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. பக்கத்து மாநிலமான வடக்கு டகோட்டாவில் அண்டர்வுட் என்ற ஊருக்கு அருகே பழுப்பு நிலக்கரி எரிக்கும் மின்நிலையம். அங்கிருந்து மினசோட்டாவின் விளைநிலங்களைக் கடந்து மினியாபொலிஸ் நகரத்தின் பக்கம்வரை 400 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை. நீளம் 600 கிலோமீட்டருக்கு மேல்.

கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. பாதை போட்டது விவசாயிகளின் சொந்தக் கூட்டுறவு. 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. தனியார் கம்பெனிகள் கிராமத்துக்குக் கம்பி இழுக்க மறுத்தன. 1935 இல் கிராம மின்மயமாக்கல் நிர்வாகம் உருவான பிறகு விவசாயிகளே கூட்டுறவுச் சங்கங்கள் வைத்துத் தங்கள் வீட்டுக்கு விளக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிப் பிறந்த கூட்டுறவுகளின் பேரமைப்புகள்தான் நாற்பது வருஷம் கழித்து அதே விவசாயிகளின் வயலில் கோபுரத்துக்குக் குழி தோண்ட வந்தன. நாம் கட்டிய வீட்டுக்காரன் நம்மையே வெளியே போகச் சொன்ன கதை.

இனி கேட்புக்கு வருவோம். 1973 இல் மினசோட்டா ஒரு முற்போக்கான சட்டம் இயற்றியிருந்தது. மின்நிலையம் எங்கே, மின்பாதை எங்கே என்பதைக் கம்பெனி தனியாக முடிவுசெய்யக் கூடாது. மாநிலச் சுற்றுச்சூழல் மன்றம், பொதுமக்கள் குழுக்களின் யோசனையோடும் பொது விசாரணைகளோடும் முடிவுசெய்ய வேண்டும். நம்மூர்ச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது வேறு கிரகம். கூட்டங்கள் நடந்தன. விவசாயிகள் வந்து பேசினார்கள். சுழன்று பாயும் நீர்ப்பாசன எந்திரத்தைக் கோபுரம் மறிக்கும் என்றார்கள். கம்பிக்கடியில் வேலை செய்பவர் உடம்புக்கு என்ன ஆகும் என்று கேட்டார்கள். வழியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் காட்டு விலங்குப் பகுதிகளுக்கும் மற்றவற்றுக்கும் கிடைத்த பாதுகாப்பு விளைநிலத்துக்குக் கிடைக்கவில்லை என்பது அவர்களுடைய முக்கியமான குற்றச்சாட்டு.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். பாதை எந்தத் தாழ்வாரத்துக்குள் போக வேண்டும் என்று முடிவானது 1975 இல். இந்தப் பாதை தேவைதான் என்கிற 'தேவைச் சான்றிதழ்' வழங்கப்பட்டது 1976 இல். 'எங்கே' என்பதற்குப் பதில் சொன்ன பிறகுதான் 'வேண்டுமா' என்று கேட்டிருக்கிறார்கள்! கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, சமையலுக்கும் சொல்லிவிட்டு, பெண்ணிடம் போய் 'உனக்குச் சம்மதமாம்மா?' என்று கேட்பதைப் போன்றது இது. பெண் தலையாட்டியே ஆக வேண்டும். இங்கே 'கேட்பு' முதல் பொருளில் தொடங்கி, இரண்டாம் பொருளைத் தாண்டி, மூன்றாம் பொருளில் போய் முடிந்துவிட்டது.

1977 இல் மாநில உச்ச நீதிமன்றம் பாதைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1978 ஜனவரியில், உறைபனியில், 200க்கும் மேற்பட்ட மாநிலக் காவலர்கள் வயல்களுக்குள் இறக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் முதல் கோபுரம் சாய்ந்தது. இரவில் யாரோ போல்ட்டைக் கழற்றியிருந்தார்கள். பருத்திக் காயைத் துளைக்கும் வண்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத் திரித்து, இந்தக் கை தெரியாத ஆட்களுக்கு 'போல்ட் வண்டுகள்' என்று விவசாயிகள் செல்லப்பெயர் வைத்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட கோபுரங்கள் சாய்ந்தன. ஆயிரக்கணக்கான காப்பான்கள் சுடப்பட்டு உடைந்தன. இருந்தும் 1979 இல் பாதை இயங்கத் தொடங்கிவிட்டது.

கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த பால் வெல்ஸ்டோன், பாரி காஸ்பர் என்கிற இயற்பியலாளரோடு சேர்ந்து 1981 இல் இந்தப் போராட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பின்னாளில் அவரே அந்த மாநிலத்தின் செனட்டர் ஆனார். போராட்டம் தோற்றது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் 1977 இல் ஒரு சட்டம் வந்தது: பெரிய மின்பாதை தன் பண்ணையைக் கடந்தால், துண்டு நிலத்துக்கு மட்டும் காசு வாங்க வேண்டியதில்லை, 'முழுப் பண்ணையையும் நீயே வாங்கிக்கொள்' என்று கம்பெனியை விவசாயி கட்டாயப்படுத்தலாம். மூன்றாவது கேள்விக்கு இவ்வளவு வலுவான பதில் உலகில் அதிகம் கிடையாது. முதல் கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

4

அதே மினசோட்டாவில், முப்பது வருஷம் கழித்து, இம்முறை நகரத்துக்குள். மினியாபொலிஸின் தெற்கே ஃபிலிப்ஸ் என்ற குடியிருப்புப் பகுதி. பூர்வகுடி இந்தியர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் சோமாலியாவிலிருந்து வந்தவர்களும் அடர்ந்து வாழும், வருமானம் குறைந்த இடம். அதன் ஓரமாகப் பழைய ரயில் பள்ளத்தைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருந்தார்கள். அந்தப் பாதையை ஒட்டி மூன்று கிலோமீட்டரைக்கூட எட்டாத தூரத்துக்கு, இரண்டு புதிய துணை மின்நிலையங்களை இணைக்கும் 115 கிலோவோல்ட் பாதைகளை இழுக்க எக்ஸெல் எனர்ஜி கம்பெனி 2009 இல் விண்ணப்பித்தது. ஹயவாத்தா திட்டம் என்று அதற்குப் பெயர்.

இவ்வளவு குட்டைப் பாதைக்கு மாநிலச் சட்டப்படி தேவைச் சான்றிதழே வேண்டியதில்லை. 115 கிலோவோல்ட் என்றால் 10 மைலுக்கு மேல் நீண்டால்தான் அந்தக் கேள்வி எழும். அதாவது குடியிருப்புவாசிகளுக்கு இரண்டாம் கேள்விதான் விடப்பட்டிருந்தது: மேலேயா, கீழேயா, எந்தத் தெரு? அவர்கள் அந்தக் கேள்விக்குள் அடங்கவில்லை. 'இது வேண்டுமா? மின்சிக்கனத்தால் இந்தத் தேவையைக் குறைக்க முடியாதா?' என்று திரும்பத் திரும்பக் கேட்டு, 2010 இல் சட்டமன்றத்தின் மூலம் அந்தச் சைக்கிள் பாதையை ஒட்டி வரும் மின்பாதைக்குத் தேவைச் சான்றிதழைக் கட்டாயமாக்க வைத்தார்கள்.

முடிவு என்ன? 2012 இல் மாநில ஆணையம் 'தேவைதான்' என்றது. ஆனால் அதே தீர்ப்பில், கம்பியை 28 ஆம் தெருவுக்கு அடியில் புதைக்கவும் சொன்னது.

முதல் கேள்விக்கு மக்கள் விரும்பிய பதில் வரவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியைத் திறந்து வைத்ததால், தேவையை நிரூபிக்கும் சுமை கம்பெனியின் தோளுக்குப் போனது. செலவுக் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. 'கோபுரமா ஒன்றுமில்லையா' என்றிருந்த இடத்தில் மூன்றாவது வழிகள் முளைத்தன. அதிகாரம் வெறுமே தடுப்பதன்று, உற்பத்தி செய்வது என்று ஃபூக்கோவைப் படித்துவிட்டுச் சொல்கிறோம். கேட்பவரின் அதிகாரத்துக்கும் அது பொருந்தும். கேள்வியும் உற்பத்தி செய்யும்.

நகரத்துக்கு வாய்த்தது வயலுக்கு வாய்க்கவில்லையே என்பதும் உண்மை. சில கிலோமீட்டரைப் புதைப்பது வேறு, சில நூறு கிலோமீட்டரைப் புதைப்பது வேறு. இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டுதான் கொங்கு நாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

5

மினசோட்டாவின் முரண் கொங்கு நாட்டுக்கும் உண்டு. 1932 இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் அதன் கம்பிகள் கோயம்புத்தூர் மில்களுக்கும், பிறகு கிணற்று மோட்டார்களுக்கும் ஓடின. தமிழ்நாட்டில் கரண்டை முதலில் வயலுக்குள் வரவேற்ற விவசாயிகளில் இவர்களும் உண்டு. அந்தக் கரண்டின் கட்டணத்துக்காக ரத்தம் சிந்தியவர்களும் இவர்கள்தான்: 1970 இல் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972 இல் மாட்டு வண்டிகளால் கோவை நகரமே மறிக்கப்பட்டது. ஆகவே 'மின்சாரத்துக்கு எதிரிகள்', 'வளர்ச்சி விரோதிகள்' என்று இவர்களுக்குப் பட்டம் கட்டுவது வரலாறு தெரியாதவர் செய்யும் வேலை.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் மின்நிலையம்வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை, 6,000 மெகாவாட் கொண்டுவரும் திட்டம். இதையும் வேறு சில உயர்மின் கோபுரத் திட்டங்களையும் எதிர்த்து 2018 டிசம்பரில் மேற்கு மாவட்டங்களில் பல இடங்களில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 'ரோட்டோரமாப் பூமிக்கடியில கொண்டு போங்க' என்பது கோரிக்கை. முடியாதென்றால் வாடகை கொடு என்பது அடுத்தது.

பூமிக்கடியில் முடியாது என்றது அதிகாரத் தரப்பு. அந்தப் பதிலில் ஒரு பாதி உண்மை: 800 கிலோவோல்ட்டை நெடுந்தூரம் கேபிளில் கொண்டுபோவது, அதைவிடக் குறைந்த அழுத்தத்தைக் கொண்டுபோவதைப் போன்றதல்ல. சொல்லாத மறுபாதி, அதே புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் பாதை. அது தமிழ்நாட்டில் கோபுரத்தின் மேல் போகிறது. கேரளத்துக்குள் கடைசிச் சுமார் 27 கிலோமீட்டர் மண்ணுக்கடியில் போகிறது. 'ஏனுங்க, அங்க முடியறது இங்க ஏன் முடியாது?' என்ற விவசாயியின் கேள்விக்குப் பொறியியலில் மட்டும் பதில் கிடையாது. கேரளத்தில் நிலம் நெருக்கம், எதிர்ப்பு பலம். வழி கிடைக்காது என்று திட்டமிடும்போதே கணக்கில் எடுத்தார்கள். அதாவது 'முடியும், முடியாது' என்பதே யார் எப்போது கேட்டார்கள் என்பதைப் பொறுத்து அமைகிறது.

போராட்டத்தின் விளைவுகள் மூன்றாவது கேள்வியின் தளத்தில் வந்தன. 2015 இல் மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்கடியில் உள்ள தாழ்வாரத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது. 2024 இல் அது 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்ந்தது. இது சும்மா வரவில்லை, நாட்டின் பல பகுதிகளில் விவசாயிகள் வயலில் உட்கார்ந்ததால் வந்தது. ஆனால் விலை உயர்கிறபோதெல்லாம் முதலிரண்டு கேள்விகளின் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'காசுதான் கூடக் குடுத்தாச்சே, இன்னும் என்ன கேள்வி?'

6

இங்கே நம் பக்கத்திலும் ஒரு கேள்வி வைத்தாக வேண்டும். இழப்பீட்டுக் கணக்கு பட்டாவில் தொடங்கிப் பட்டாவில் முடிகிறது. அறுநூறு தென்னை வெட்டப்பட்டால் தோப்புக்காரருக்கு மரக்கணக்கு உண்டு. அந்தத் தோப்பில் தேங்காய் பறித்தவருக்கும் மட்டை உரித்தவருக்கும் ஓலை முடைந்தவருக்கும் கணக்கு எங்கே? அவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே உள்ள காலனியிலிருந்து வருகிறவர்கள். விவசாய சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் அவர்களுடைய கூலிநாட்கள் இடம்பெறாதவரை, 'மக்களைக் கேட்கவில்லை' என்ற நம் குற்றச்சாட்டும் பாதிதான். ஊரைக் கேட்டார்களா என்று கேட்கிற நாம், சேரியைக் கேட்டோமா? தந்திச் சட்டத்துக்கு நிலமுள்ளவன் பாதி மனிதன் என்றால் நிலமற்றவன் மனிதனே அல்ல. அந்தச் சட்டத்தின் கண்ணால் நாமும் பார்க்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. நிலக்கரி வேண்டாம், அணு வேண்டாம் என்று எழுதியும் போராடியும் வருகிற நாம்தான் காற்றாலையையும் சூரிய மின்சாரத்தையும் கேட்கிறோம். காற்று எங்கே அடிக்கிறதோ, வெயில் எங்கே காய்கிறதோ அங்கிருந்து நகரத்துக்குக் கம்பி வந்துதான் ஆக வேண்டும். இனி வரும் வருஷங்களில் மின்பாதைகள் குறையப்போவதில்லை, கூடத்தான் போகின்றன. ஆகவே 'கம்பியே வேண்டாம்' என்பது நம் நிலைப்பாடாக இருக்க முடியாது. 'தேவையா' என்று கேட்கிற உரிமை, 'தேவைதான்' என்கிற பதிலைத் தாங்கிக்கொள்ளும் பொறுப்பையும் சேர்த்தே வரும். ஃபிலிப்ஸ் குடியிருப்புக்காரர்கள் அதைத் தாங்கினார்கள்; தாங்கியதால் வழியை மாற்றினார்கள்.

நம்மிடம் அதற்கான கருவிகள் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. உள்ளாட்சி நிலத்தில் கம்பி இறங்க அதன் அனுமதி வேண்டும் என்று அந்த 1885 ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நிலமுள்ளவரும் இல்லாதவரும் ஒரே கூரையின் கீழ் உட்காரச் சட்டப்படி இடமுள்ள அவை கிராமசபை. கோபுரத்துக்கு அளவுக்கல் நட்ட பிறகு கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விசாரணையை அந்த அவைக்கு, அளவுக்கல்லுக்கு முன்னால், கொண்டுவர வேண்டும். எவ்வளவு மின்சாரம், யாருக்காக, வேறு வழிகள் என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு என்கிற தாள்கள் தமிழில் மேசைமேல் இருக்க வேண்டும். மூன்று கேள்விகளும் அவற்றின் வரிசையிலேயே கேட்கப்பட வேண்டும். தந்திச் சட்டத்தின் மிச்சத்தை 2023 இல் கவனமாக எடுத்து வைத்தவர்களுக்கு, அதன் இடத்தில் இப்படி ஒரு பிரிவை எழுதுவது முடியாத காரியமல்ல. எழுத வைப்பதுதான் வேலை.